மஞ்சணத்தி அம்மனுக்கு ஒரு முகம்

என்ன தம்பி, நானும் கோவில்பட்டி ஸ்டாண்டுல இருந்து பாக்கேன், என் கையையே பாத்துக்கிட்டு வாரீங்க. படந்தான் வரையுதேன். டேப்ல. பேப்பர், பென்சில் ஒண்ணும் வேண்டாம், விரலே போதும். இந்த வயசுல இவருக்கு எதுக்கு இதுன்னு நெனைப்பீங்க. நெனைங்க. நானும் அதத்தான் நெனைச்சுக்கிட்டு இருக்கேன்.

பஸ்சு ஆடுற ஆட்டத்துல கோடு நிக்க மாட்டேங்கு. இப்பப் பாருங்க, அந்த உதட்ட லேசா மெலிசாக்கலாம்னு அழிப்பான எடுத்தேன், வண்டி பள்ளத்துல எறங்குச்சு, மூக்கையும் சேத்து வழிச்சிட்டுப் போயிருச்சு. பரவாயில்ல. ரெண்டு விரலச் சேத்து வச்சுத் தட்டினா பழையபடி வந்துரும். வந்துருச்சு பாத்தீங்களா? காலையில இருந்து இதே சோலிதான். அழிக்கேன், தட்டுதேன், வருது. அழிக்கேன், தட்டுதேன், வருது. அசந்து போச்சு தம்பி.

சாமி படம் இது. மஞ்சணத்தி அம்மன். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, எங்க பங்காளி வகையறாவுக்கு மட்டும் குலதெய்வம். காட்டுக்குள்ள ஒரு மஞ்சணத்தி மரம், அதுக்கடியில மண்ணுல ஒரு பீடம், மஞ்சளப் பூசி வச்சிருக்கும், முன்னால ஒரு தகரக் கொட்டக. அம்புட்டுத்தான். செல கெடையாது, மொகம் கெடையாது. அந்தக் காலத்துல எங்க வீட்டுல பொறந்த கன்னிப் பொண்ணாம். அண்ணன்மாருக ஏதோ கோவத்துல கெணத்துல தள்ளிட்டாகளாம். பெறகு மழை இல்ல, வீட்டுல புள்ளைக தங்கல, அதனால பீடம் போட்டுக் கும்பிட ஆரம்பிச்சிட்டாக. அது கெடக்கு, பழைய கத. இப்ப அதையெல்லாம் யாரும் பேசுறதில்ல.

இத்தன காலமா மொகம் இல்லன்னு யாரும் கவலப்படல. இந்த வாட்ஸப் குரூப் வந்துச்சு பாருங்க, அதுல ஆரம்பிச்சது. எங்க பங்காளிக அம்புட்டுப் பேரும் அதுல இருக்காக. சார்ஜாவுல இருக்கிறவன் ஒருத்தன் எழுதுதான், எல்லாரும் அவுகவுக குலதெய்வத்த வண்டிக் கண்ணாடியில ஒட்டிருக்காக, நம்ம மட்டும் வெறுங்கண்ணாடியோட திரியுதோமேன்னு. உடனே ஆளாளுக்கு ஆமா ஆமான்னு போட்டாக. ஸ்டிக்கர் அடிக்கணும், காலண்டர் அடிக்கணும், கோயில்ல பெருசா ஒரு படம் மாட்டணும். சரி, யாரு வரையறது? அய்யாத்துரை அண்ணாச்சி ஒரு வரி போட்டாக: வெயிலுமுத்து வரையட்டும்.

வெயிலுமுத்து நாந்தான். அய்யாத்துரை அண்ணாச்சி எங்கள்ல மூத்தவுக, கோயில் தலைவரு. அதிகம் பேச மாட்டாக, பேசினா அதுக்கு மேல பேச்சு கெடையாது. நான் சர்வே ஆபீஸ்ல வரைவாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். வயக்காடு, ஓடை, பாதை, எல்லைக் கல்லு, இதத்தான் ஆயுசு பூரா வரைஞ்சிருக்கேன். மொகம் வரைஞ்சதே இல்ல. எனக்கு வராதுன்னு சொல்லிருக்கலாம். சொல்லல. அண்ணாச்சி சொல்லிட்டாக, நான் என்ன பண்ண.

இந்த டேப் என்னோடது இல்ல. எம்மவ செண்பகவல்லியோடது. செண்பகம்னுதான் கூப்பிடுவோம். ஒத்தப் புள்ள எங்களுக்கு. காலேஜ் படிக்கையில படம் வரையணும்னு அடம் புடிச்சு வாங்கினா. நாள் பூரா இதுக்குள்ளயே கெடப்பா. பெறகு கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா, போறப்ப இதப் பீரோவுலயே விட்டுட்டுப் போயிட்டா. கல்யாணம்னா நாங்க பண்ணி வச்சது இல்ல. வேற ஆளு பையன். திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேல. தங்கமான பையன்னு சொல்லுதாக, நான் பாக்கல. பங்காளிக கூட்டம் போட்டாக. அந்தப் புள்ளைக்கு இனி நம்ம வீட்டு நல்லது கெட்டதுல எடம் கெடையாது, கோயில் எல்லையில காலு வைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணாக. நான் ஒத்த ஆளு, எதுத்து என்ன பேச முடியும்? சரின்னு தலையாட்டிட்டு வந்தேன். என் வீட்டுக்காரி சொர்ணம் அன்னைக்கு அடுப்பு பத்த வைக்கல. மறுநாளு வச்சா. அவளுக்கு என்ன தெரியும் பாவம், ரெண்டு நாளு அழுதா, பெறகு சரியாயிட்டா.

செண்பகத்துக்குப் பொம்பளப் புள்ள பொறந்துருக்குன்னு சொர்ணந்தான் சொன்னா. அவுக ரெண்டு பேரும் பேசிக்கிடுவாக போல, நான் கேட்டுக்கிறதில்ல. அந்தப் புள்ளைக்கு நாலு வயசாகப் போகுது, இன்னும் முடி எறக்கல. அவன் வீட்டுலயும் இவுகளச் சேத்துக்கிடல, அதனால அந்தப் பக்கத்துச் சாமியும் இல்ல. பொறந்த முடி அப்படியே வளந்து முதுகுல கெடக்காம். பள்ளிக்கூடத்துல சேக்கணும், சீவிப் பின்ன முடியல, பேன் வேற. பழனியில போடலாம், திருச்செந்தூர்ல போடலாம், எந்தச் சாமி வேண்டாம்னு சொல்லப் போகுது? நான் அதத்தான் சொர்ணத்துக்கிட்டச் சொல்லச் சொன்னேன். அவ கேக்கல. எங்க அம்மன் முன்னாடிதான் எறக்குவேன், அப்பாவப் பெரியவுகள்ட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லச் சொல்லும்மான்னு செண்பகம் நிக்கா. கேட்டா என்னன்னு நானும் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன் தம்பி. போயி உக்காந்தேன். காப்பி குடுத்தாக. மழையப் பத்திக் கொஞ்ச நேரம் பேசினோம். வந்துட்டேன்.

கேட்டியளான்னா சொர்ணம். நேரம் சரியில்லன்னேன். அவ உள்ள போயிப் பீரோவத் தொறந்து இந்த டேப்ப எடுத்துத் தொடச்சுச் சார்ஜ் போட்டு எம் முன்னாடி வச்சா. சாமி படம் வரையணும்னு சொன்னியளே, இதுல வரைங்கன்னா. நான் சார்ட் பேப்பர் வாங்கப் போறதா இருந்தேன். அதுலன்னா அழிச்சு அழிச்சுப் பேப்பர் கிழிஞ்சு போகும், இதுல கிழியாதுன்னு சொன்னா. அது நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு.

ஆனா படிக்கிறதுக்குள்ள உசுரு போயிருச்சு. விரல் வச்சா ஒரு கோடு, உள்ளங்கை தெரியாமப் பட்டா அங்க ஒரு கோடு. பிரஷ்னு அமுக்கினா நூறு பிரஷ் வருது. பென்சில் மாதிரி ஒண்ணு, மை ஓடுற மாதிரி ஒண்ணு, பவுடர் தூவின மாதிரி ஒண்ணு. ஓரத்துல ஒரு பட்டை இருக்கு பாருங்க, அத மேல தள்ளினா பிரஷ் தடிக்கும், கீழ எறக்கினா மயிரு மாதிரி மெலியும். அதுக்குக் கீழ இன்னொண்ணு, அது கலரு அழுத்தமா விழணுமா லேசா விழணுமாங்கிறதுக்கு. மொத மொத சேலைக்குக் கலரு ஊத்தினேன். ஊத்துறதுக்கு ஒரு வாளிப் படம் இருக்கு. எங்கயோ கோட்டுல ஊசி முனை அளவு சந்து இருந்திருக்கு, வரப்பு ஒடைஞ்ச மாதிரி மொத்தப் படமும் செகப்பாயிருச்சு. சாமி, மரம், வானம் எல்லாம் செகப்பு. எல்லைக் கோட்டச் சேத்து முடிக்காதவன் என்ன வரைவாளருன்னு எனக்கே சிரிப்பாணி வந்துச்சு.

பெறகு படிச்சுக்கிட்டேன். ஒரே தாள்ல எல்லாத்தையும் வரையக் கூடாது. கண்ணாடித் தாளு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக்கிடலாம், சேல ஒரு தாளு, நக ஒரு தாளு, மொகம் ஒரு தாளு. ஒண்ண மாத்தினா இன்னொண்ணு கெடாது.

மொகத்துக்குக் கலருதான் பெரிய பாடு. நானாக் கலக்கினா ஒண்ணு செங்கல்லு மாதிரி வருது, இல்ல சந்தனம் மாதிரி வருது. அப்பத்தான் பாத்தேன், கலரு டப்பாக்குள்ள செண்பகம் ஒரு வரிசையச் சேத்து வச்சிட்டுப் போயிருக்கா. எல்லாம் மாநிறம். வெயில் படுற மாநிறம், நெழல்ல இருக்கிற மாநிறம், கன்னத்துக்குன்னு லேசா செகப்பு சேந்தது, கண்ணுக்கடியில வைக்கக் கருப்பு சேந்தது. கண்ணாடியப் பாத்து அவ மொகத்தையேதான் வரைஞ்சு பழகுவா, அதுக்குக் கலக்கினது போல. தயாரா இருக்கிறத விட்டுட்டு எதுக்கு மெனக்கெடணும்னு நானும் அதையே தொட்டுத் தொட்டுப் பூசினேன்.

மொதல்ல நான் வரைஞ்சது உக்கிரமான அம்மன் தம்பி. முழி பிதுங்கி, பல்லு வெளிய தெரிய, கையில சூலம், நாக்கு தொங்க. குரூப்ல போட்டேன். போட்டதுதான் தாமசம், வந்துச்சு பாருங்க வாய்ஸ் மெசேஜு. காருல ஒட்டினா புள்ளைக பயப்படும், முழியக் கொறைங்கன்னு மெட்ராஸ்ல இருந்து ஒரு பங்காளி. சரி, கொறைச்சேன். அவ கன்னிப் பொண்ணு, நாக்கத் தொங்கப் போட்டு வரையலாமான்னு ஒரு மதினி. நாக்க அழிச்சேன், பல்ல அழிச்சேன். வாயி மூடியிருக்கணும், ஆனா சிரிப்பு இருக்கணும், ஆனா சிரிக்கவும் கூடாதுன்னு ஒருத்தன். இதுக்கு என்ன பண்ணுவீங்க நீங்க? ஒரு வாரம் அந்த வாயோட மல்லுக்கு நின்னேன். வெள்ளையா வேணும்னு ஒருத்தன், மஞ்சளா வேணும்னு ஒருத்தன். கடைசியில அண்ணாச்சியே பேசினாக. அவ என்ன வடக்க இருந்தா வந்தா? நம்ம வீட்டுப் புள்ள. நம்ம வீட்டுப் பொம்பளப் புள்ள எப்படி இருக்குமோ அப்படி இருக்கணும் வெயிலுமுத்து, வேற யாரு மாதிரியும் இருக்கக் கூடாது. இதே வார்த்த. நான் குரூப்ல இன்னும் வச்சிருக்கேன், வேணும்னா போட்டுக் காட்டுதேன்.

சொர்ணமும் சும்மா இருக்க மாட்டா. காப்பி கொண்டாந்து வைப்பா, எம் முதுகுக்குப் பின்னாடி நின்னு பாப்பா. ஏங்க, கீழுதடு இன்னும் கொஞ்சம் தடிமனா இருக்கணும்பா. போவா. சாயங்காலம் வருவா. நாடி இம்புட்டுக் கூர் இல்லீங்க, கொஞ்சம் மழுக்குங்கம்பா. இடது புருவம் வலதுக்கு மேல ஒரு நூல் ஏறி நிக்கணும்னு ஒரு நாளு சொன்னா. அது ஏன்டி ஏறி நிக்கணும்னு கேட்டேன். ரெண்டும் ஒண்ணு போல இருந்தா உசுரு இருக்காதுங்கன்னா. படிக்காதவ, ஆனா சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. அவ சொன்னபடி ஏத்தின பெறகுதான் படம் என்னையப் பாத்துச்சு. எனக்கே கும்பிடத் தோணுச்சு. காலையில எந்திரிச்சு மொத வேலையா இதத் தொறந்து பாப்பேன் தம்பி. பாத்தா மனசு லேசாயிரும். சாமி வேலை செஞ்சா அப்படித்தான் இருக்கும்னு நெனைச்சேன்.

குரூப்ல போட்டேன். ஒரு எதிர்ப்பு இல்ல. எப்பவும் குத்தம் சொல்லுறவன் கூட இதான் நம்ம அம்மன்னு எழுதினான். அய்யாத்துரை அண்ணாச்சி கும்பிடு போட்டாக, அதுக்கு மேல என்ன வேணும். பெருசா அச்சுப் போட்டு, சட்டம் போட்டு, கொடைத் திருவிழாவுக்கு முன்னாடி கோயில்ல வச்சு முறையாக் கண்ணு தொறந்து பூச பண்ணிட்டாக. பொம்பளைக எல்லாம் படத்துக்கு முன்னாடி வந்து நின்னாக. பாத்தாக. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக. பெறகு குலவை போட்டாக. எங்க அண்ணாச்சி வீட்டு மதினி கண்ணத் தொடச்சுக்கிட்டு நின்னாக. பக்தின்னு நெனைச்சேன். சொர்ணம் மட்டும் மல்லிப்பூவக் கொண்டாந்து படத்துல வச்சிட்டு, கன்னத்தத் தொட்டு முத்திட்டு வந்தா. சாமி கன்னத்த யாராவது தொடுவாகளா, கிறுக்கி.

ஸ்டிக்கரும் அடிச்சு எல்லா வண்டியிலயும் ஒட்டியாச்சு. அதுல ஒரு வண்டி எங்க பங்காளி மகன் மாரீஸ்வரனோடது, லோடு வண்டி. கடல மிட்டாய் ஏத்திக்கிட்டுத் திருப்பூர் போயிருக்கான். அங்க ஒரு சிக்னல்ல நிக்கையில, பின்னாடி ஸ்கூட்டர்ல வந்த ஒரு பொண்ணு எறங்கி வந்து கண்ணாடியையே பாத்துக்கிட்டு நிக்காளாம். சிக்னல் விழுந்து பின்னாடி வண்டிக்காரன் ஆரன் அடிக்கான், அவ நகரல. இது எந்தச் சாமிண்ணான்னு கேட்டிருக்கா. சொல்லிருக்கான். ஒரு ஸ்டிக்கர் கெடைக்குமான்னு கேட்டிருக்கா. மாரீஸ்வரன் சின்னப் பயலா இருந்தப்ப செண்பகம் ஊர விட்டுப் போனவ, அவனுக்கு அடையாளம் தெரியல. எங்கிட்ட வந்து சொல்லுதான், அந்த அக்காவ எங்கயோ நல்லாப் பாத்துப் பழகின மாதிரி இருந்துச்சு பெரியப்பா, அதான் ஒண்ணு கேட்டதுக்கு ரெண்டாக் குடுத்தேன்னு.

அவ என்ன பண்ணிருக்கா, அந்த ஸ்டிக்கர வீட்டுச் செவத்துல ஒட்டி, விளக்குப் பொருத்தி, நாவிதர வீட்டுக்கே கூட்டியாந்து, புள்ளைக்கு முடி எறக்கிட்டா. சாமி தேடி வந்துட்டா, இனி எங்க போகணும்னு. போட்டோ எடுத்துச் சொர்ணத்துக்கு அனுப்பிருக்கா. மொட்டத் தலையில சந்தனத்தப் பூசி, அந்தப் புள்ள சிரிச்சுக்கிட்டு நிக்கி. பக்கத்துல செண்பகம் நிக்கா. மேல செவத்துல அம்மன். ரெண்டு மொகமும் பக்கத்துல பக்கத்துல.

அப்பத்தான் தம்பி நான் பாத்தேன். அதுக்கு முன்னாடி சத்தியமா எனக்குத் தெரியாது. ஒருத்தன் ஒரு மாசமா ஒரு மொகத்த வரையுதான், அது யாரு மொகம்னு அவனுக்குத் தெரியாதான்னு நீங்க கேக்கலாம். என்னையப் பாக்கிற எல்லார் கண்ணுலயும் அதே கேள்விதான். அவுக கொறைக்கச் சொன்னதக் கொறைச்சேன், இவ கூட்டச் சொன்னதக் கூட்டினேன்.

விசயம் அதோட நின்னுருக்கும். சொர்ணம் அந்தப் போட்டோவத் தெரியாம குரூப்ல போட்டுட்டா. அவளுக்குப் போனு சரியா அமுக்கத் தெரியாது. கீழ எழுதியிருந்தது மட்டும் பெழை இல்லாம இருந்துச்சு: நம்ம அம்மன் முன்னிலையில் நம்ம பேத்திக்கு முடி இறக்கியாச்சு. பக்கத்து வீட்டுப் புள்ள யாரையாவது எழுதச் சொல்லிருப்பா. சாமி படம்னா கை தானாக் கும்பிடு போட்டுரும்ல, என்னன்னு பாக்குறதுக்குள்ள பாதிப் பேரு கும்பிடு போட்டுட்டாக. சார்ஜாக்காரன் வாழ்த்துகள் வேற போட்டான். பெறகு ஒவ்வொருத்தரா அழிச்சாக. அழிச்சா அழிச்சதுன்னு காட்டுதே அந்த வாட்ஸப்பு, அது ஒரு சனியன்.

கூட்டம் போட்டாக. எல்லாரும் தரையப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்காக. யாரு மொகம்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல. தொறந்தா, இத்தன நாளு யாரக் கும்பிட்டோம்னு வருமில்ல. மொகத்த மாத்திரு வெயிலுமுத்துன்னாக அண்ணாச்சி. அதுக்குள்ள ஒரு பெருசு எந்திரிச்சு, கண்ணு தொறந்த சாமி, நம்மளா மாத்தக் கூடாது, பூக்கட்டிப் பாக்கணும்னுட்டாரு. செவப்புப் பூ, வெள்ளப் பூ ரெண்டையும் எலையில மடிச்சுப் போட்டு ஒரு கைக்குழந்தைய எடுக்கச் சொன்னாக. மாத்தக் கூடாதுன்னு வந்துச்சு. குழந்த சரியா எடுக்கலன்னு திரும்பப் போட்டாக. மாத்தக் கூடாதுன்னுதான் வந்துச்சு. பெறகு வேற குழந்தைய வச்சு எடுத்தாக, மாத்தலாம்னு வந்துருச்சு. எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாக. கோயில்ல இருக்கிற படத்த எறக்க எவனுக்கும் தைரியம் இல்ல, துண்டப் போட்டு மூடி வச்சிருக்காக.

நான் சரின்னுட்டு வந்தேன். இன்னைக்குச் சிவகாசி அச்சாபீஸுல காலண்டருக்குப் புது மொகத்தோட குடுக்கணும். சாத்தூர்ல எறங்கி வண்டி மாறணும். காலையில கெளம்பையில சொர்ணம் பையத் தந்தா. தூக்கினா கனக்கு. ஒரு நாளு வேலைக்கு மூணு செட்டுத் துணி, நல்ல வேட்டி, முறுக்கு, அதிரசம் எல்லாம் வச்சுக் கெட்டிருக்கா. வயசாக ஆக அவளுக்குப் புத்தி ஒரு நெலையில இல்ல.

வீட்டுல வச்சே மாத்திரலாம்னுதான் பாத்தேன். முடியல. அவ எதுத்தாப்புல உக்காந்து கீர ஆஞ்சுக்கிட்டே இருக்கா. சரி, பஸ்சுல வச்சு மாத்துவோம்னு வந்தா, இங்கயும் இந்தப் பாடு. வெள்ளைய எடுத்து மொகத்துல பூசினேன், துணிக்கட பொம்ம மாதிரி ஆகிப்போச்சு. தட்டிட்டேன். புருவத்த எறக்கினேன், என்னமோ கோவமாப் பாக்க மாதிரி இருந்துச்சு. தட்டிட்டேன். இழுகுறதுக்கு ஒரு பிரஷ் இருக்கு, விரலால மைய இழுகின மாதிரி எல்லாத்தையும் கலங்க அடிச்சிரும். அத எடுத்துக் கன்னத்துல வச்சேன். வச்ச விரலு அங்கயே நிக்கி.

தம்பி, ஒரு உதவி பண்ணுவீங்களா? இந்தாங்க, நீங்க இதப் புடிங்க. இந்த இழுகுற பிரஷ்தான். மொகத்து மேல வச்சு நாலு தேய் தேய்ச்சு விட்டுருங்க. உங்களுக்கு அவ யாரோ. உங்களுக்கு இது வெறும் கலருதானே. கலைஞ்சு போச்சுன்னா பெறகு நான் அது மேல என்னத்தையாவது வரைஞ்சுக்கிடுவேன். ஏன், மாட்டீங்களா? சாமி படம்னு பயமா இருக்கா? அதுவும் சரிதான். உங்க மேல எதுக்கு அந்தப் பாவம். குடுங்க.

இன்னொண்ணு இருக்கு, அத நான் கூட்டத்துல சொல்லல. போட்டோ கூடவே செண்பகம் ஒரு மெசேஜ் அனுப்பிருந்தா. சொர்ணம் அத மட்டும் குரூப்ல போடல, எங்கிட்டக் காட்டினா. கண்ணாடி போடாமப் படிக்க வரல, அவளையே படிக்கச் சொன்னேன். படிச்சா. அப்பா, முடி எறக்கிட்டோம். நீங்க அனுப்பி வச்சதாத்தான் நெனைச்சுக்கிட்டேன். காது மட்டும் இன்னும் குத்தல. அதுக்கு மடி வேணும்ல. அம்புட்டுத்தான் எழுதிருக்கா.

தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே காது குத்தணும். எனக்கு ஆம்பளப் புள்ள இல்ல. அந்தப் புள்ளைக்குத் தாய்மாமன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. படத்த ஒட்டி முடி எறக்கிரலாம், மடிக்கு எந்தப் படத்த ஒட்டுவா? என்ன எழுதன்னு சொர்ணம் கேட்டா. பொறு, பாப்போம்னேன். அதுக்குப் பெறகு அவ கேக்கல. ஆறேழு நாளாச்சு. அந்தப் புள்ள போனப் பாத்துக்கிட்டு இருக்கும் தம்பி. எம்மவளச் சொல்லுதேன். எனக்குத் தெரியும் அவள, சாப்பிடும்போதும் பக்கத்துலயே வச்சிருப்பா.

என்ன, சாத்தூரா? அதுக்குள்ளயா? ஆமா, எறங்கணும். இருங்க, பை மேல இருக்கு. அவுகள்லாம் எறங்கட்டும், முண்டிக்கிட்டு என்ன. அந்தா வெள்ளரிக்கா விக்கிறவ ஏறிட்டா, வழியில நிக்கா. போனு வேற அடிக்கி. அண்ணாச்சிதான். மாத்திட்டியான்னு கேக்கிறதுக்கு. அடிக்கட்டும், அடிச்சு நிக்கட்டும்.

கெளம்பிட்டான். இல்ல தம்பி, விசிலடிக்க வேண்டாம், விடுங்க. கண்டக்டரு தம்பி, இங்க மதுரைக்கு ஒரு டிக்கெட் போடுங்க. ஆமா, சாத்தூர் டிக்கெட்தான் எடுத்திருந்தேன், இப்ப மதுரைக்குப் போடுங்க. மாட்டுத்தாவணியில எறங்கி ஆரப்பாளையம் போனா திருப்பூர் வண்டி இருக்கும்ல? இருக்கும்ங்கிறாரு.

இத மூடி வைக்கேன். கண்ணு எரியுது. ஒரு சந்தேகம் தம்பி, உங்க பக்கத்துல எப்படின்னு தெரியல, கேக்கேன். எனக்கு முட்டி மடங்காது, சம்மணம் போட்டுக் கீழ உக்காந்தா எந்திரிக்க ஆளு வேணும். நாற்காலியில உக்காந்து புள்ளைய வச்சுக்கிட்டா ஒத்துக்கிடுவாகளா? நாற்காலியில உக்காந்தாலும் மடி மடிதானே?